ஜீனோவும் ஓட்டு யந்திரமும்

2001-ம் வருஷத்துச் சட்டசபைத் தேர்தலில்தான் தமிழ்நாடு முழுவதும் மின்னணு யந்திரத்தில் ஓட்டுப் போட்டது. மேலூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில், வரிசையில் எனக்கு முன்னால் நின்ற கிழவி, "ஏந் தம்பி, இதுக்குள்ள யாரு உக்காந்து எண்ணுறது?" என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். சிரித்தது தவறு என்பது, பிற்பாடு சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வைத் திரும்பப் படித்தபோதுதான் உறைத்தது.

அந்த நாவலில் வரும் ஜீனோ ஒரு யந்திர நாய். பேசுகிறது, புத்தகம் படிக்கிறது, யோசனை சொல்கிறது. வாசகனுக்கு அதன்மேல் பாசமே வந்துவிடுகிறது. இது சாமானிய வெற்றி அல்ல. ஆயினும் அந்தப் பாசத்துக்காக ஆசிரியர் யந்திரத்துக்குள்ளே ஒரு மனிதனை உட்கார வைத்துவிட்டார். கிழவியின் கேள்விக்கு நாவல் தரும் பதில், "ஆமாம் ஆத்தா, ஒருத்தன் இருக்கான்" என்பதே.

பெங்களூரில், பாரத் எலெக்ட்ரானிக்ஸில் என்ஜினீயராக இருந்து, ஓட்டு யந்திரம் உருவானதில் பங்கு கொண்டவரும் இதே சுஜாதாதான். உள்ளே யாருமில்லை என்பது அவருக்குத் தெரியாததா? அங்கே இருப்பவை, சில்லுக்குள் எண்களாக அடுக்கி வைத்த கட்டளைகள். ஒன்றை எடு, இன்னதென்று பார், செய், அடுத்ததற்குப் போ. இவ்வளவுதான். சும்மா காத்திருப்பதற்கும் கட்டளை வேண்டும். ‘பொத்தானை அழுத்தினார்களா?’ என்று இத்தகைய யந்திரங்கள் ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். அழுத்தினால், உரிய கணக்கில் ஒன்று கூடும்.

களத்தில் ‘லாபம்’ என்று தொடங்கி நெல் அளக்கிறவனுக்குக் கை சலிக்கும். பண்ணையாரின் முகத்தைப் பார்க்கவும் தோன்றும். யந்திரத்துக்கு இரண்டும் இல்லை. அதற்குப் பொய் சொல்லத் தோன்றாது. மெய் எது என்றும் தெரியாது. நேர்மையோ பிழையோ, கட்டளை எழுதியவனைச் சேர்ந்தது.

ஆகையால்தான் 2013-ல் உச்ச நீதிமன்றம் காகிதச் சாட்சி அவசியம் என்றது. இன்று கண்ணாடிக்குள் 7 விநாடி தெரிகிற சீட்டு, கிழவியின் கேள்விக்குத் தாமதமாகக் கிடைத்த மரியாதை.

ஜீனோவை நான் குறை சொல்லவில்லை, குறை நம்முடையது. பேசுகிற நாயைக் கொண்டாடிய நாம், ஊமை யந்திரத்துக்குக் கட்டளை எழுதுகிற மனிதனைப் பற்றி ஒரு கதை வேண்டும் என்று எந்த எழுத்தாளரையாவது கேட்டோமா? கோடிப் பேருடைய தீர்ப்பு அவனுடைய ஒரு வரியில் தங்கியிருக்கிறது. அன்று ராத்திரி அவன் நிம்மதியாகத் தூங்கினானா என்பதில் ஒரு நாவல் இருக்கிறது.