விளக்கை முட்டையிடம் கொண்டுபோகிறவர்கள்

பல்லி முட்டைக்கு லைட் அடித்துக் கரு பார்ப்பவர்களில் இரண்டு வகை உண்டு. முட்டையைத் தூக்கி விளக்கிடம் கொண்டுபோகிறவர்கள் ஒரு வகை. விளக்கை முட்டையிடம் கொண்டுபோகிறவர்கள் இன்னொரு வகை. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க எனக்குப் பிடித்தது இரண்டாம் வகையினரின் வேலை.

டெங்கிலில் லெப்பர்ட் கெக்கோ வளர்க்கும் நண்பர் அந்த வகையைச் சேர்ந்தவர். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கத்து வறண்ட நிலத்துப் பல்லி இது. லங்காட் ஆற்றுக்குப் பக்கத்தில், பழைய ஈய லம்பக் குட்டைகள் சூழ்ந்த ஈரக்காற்றில் அவர் வீட்டில் இனம் பெருக்குகிறது. பெட்டை ஒரு தடவைக்கு இரண்டு முட்டைதான் இடும். ஓடு கோழி முட்டை ஓடு போல இருக்காது. தோலைப் போல மெத்தென்று இருக்கும்.

அறை இருட்டாக வேண்டும். பிளாஸ்டிக் டப்பாவில் நனைத்த பெர்லைட். அதில் பாதி புதைந்து இரண்டு முட்டைகள், ஒவ்வொன்றின் மேல்புறத்திலும் ஒரு பென்சில் கோடு. சின்ன எல்.இ.டி. டார்ச்சின் முகப்பை விரல்களால் மறைத்து, ஒரு பொட்டளவு வெளிச்சத்தை மட்டும் விட்டு, ஓட்டின் பக்கவாட்டில் வைக்கிறார். முட்டை முழுவதும் ஒளி பரவுகிறது. கூமுட்டையாக இருந்தால் எங்கு பார்த்தாலும் ஒரே மஞ்சள். கரு பிடித்த முட்டையில் இளஞ்சிவப்பு ஏறியிருக்கும். மேல்புறத்தில் ஒரு சிவப்பு வளையம். சில நாள் கழித்துப் பார்த்தால் அந்த வளையத்திலிருந்து இரத்தக் குழாய்கள் கிளை பிரிந்து ஓடும், வெயிலுக்கு எதிரே பிடித்த வெற்றிலையின் நரம்புகளைப் போல. அவ்வளவு மெல்லிய கோட்டை அவ்வளவு சின்ன முட்டைக்குள் பார்த்துவிட்டு என்னால் உடனே எழுந்துபோக முடிந்ததில்லை. அவரோ மூன்று நான்கு நொடியில் டார்ச்சை அணைத்துவிடுவார். அந்தக் கட்டுப்பாடும் இந்தக் கலையில் சேர்த்திதான்.

தோட்டத்து லயங்களில் கோழி அடை வைத்தவர்களுக்கு முட்டையை வெளிச்சத்தில் பார்ப்பது புதிதல்ல. ஆனால் அந்தக் கைப்பழக்கம் இங்கே உதவாது. தாய்க்கோழி முட்டையைப் புரட்டிக்கொண்டே இருக்கும். உள்ளே மஞ்சள் கருவை இருபுறமும் முறுக்கிய இழைகள் தாங்குகின்றன. பல்லி முட்டையில் அந்த இழைகள் கிடையாது. கரு மேலே வந்து ஓட்டின் உட்புறத்தை ஒட்டி வளர்கிறது. புரட்டினால் ஆபத்து என்று வளர்ப்பவர்கள் அஞ்சுவது இதனால்தான். பென்சில் கோடும் இதற்காகத்தான்.

சூட்டின் கதை இன்னும் சுவையானது. இந்த இனத்தில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை அடைகாக்கும் சூடு தீர்மானிக்கிறது. 26 பாகையில் ஏறக்குறைய எல்லாமே பெண், 32.5 பாகையை ஒட்டி ஆண்கள் மிகுதி. 34-ஐ எட்டினால் மறுபடி பெண்கள். டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் க்ரூஸ் குழுவினர் இதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். சூடு கூடினால் குஞ்சு சீக்கிரம் வரும்; குறைந்தால் இரண்டு மாதமும் தாண்டும். டெங்கிலின் அறைச்சூடே முட்டை பொரியப் போதும். ஆனால் மத்தியான வெயிலும் சாயங்கால இடிமழையும் மாறி மாறி வருவதால் நண்பர் பாலிஸ்டைரின் பெட்டியைத்தான் நம்புகிறார்.

கை தேர்ந்தவரை அடையாளம் காட்டுவது சந்தேக முட்டை. முதல் வாரத்தில் வளையம் தெரியாவிட்டால் அவர் தூக்கிப் போடமாட்டார். இன்னொரு வாரம் விடுவார். பூஞ்சணம் பிடித்ததாலேயே முட்டை செத்ததாகாது. குழி விழுந்தால் முதலில் ஈரத்தைச் சரிபார்ப்பார். கடைசி நாட்களில் என்றால் அதே குழி, குஞ்சு வெளிவரப் போவதன் அறிகுறியாகவும் இருக்கலாம். அதற்குள் முட்டை முழுக்க இருண்டிருக்கும், டார்ச்சுக்கு வேலை இல்லை.

ஆணே சேராத பெட்டையும் முட்டையிடும். முதன்முறை இடுவதில் பல கூமுட்டையாகவே போகும். அதனால் ஒரு ஜோடி முட்டை மஞ்சளாகத் தெரிந்ததும் அவர் கலங்குவதில்லை. அடுத்தடுத்து அப்படியே வந்தால்தான் ஆணை மாற்றிப் பார்ப்பதும், பெட்டையின் எடையையும் தீனியில் தூவும் கால்சியத்தையும் கவனிப்பதும்.