ஐயத்தை அளக்கும் கருவி

கம்பளையைச் சூழ்ந்த மலைச்சாரல்களில் மழை ஓய்ந்த இரவுதோறும் குரல் கொடுக்கும் புதர்த்தவளைகள், தலைப்பிரட்டைப் பருவமே இன்றி முட்டையிலிருந்து நேரே தவளை வடிவில் வெளிப்படும் அந்த அபூர்வ ஜாதி, எத்தனை இனங்களாகப் பிரிந்து வாழ்கின்றன என்பதைக் கண்ணால் மட்டும் பார்த்துத் தீர்மானிப்பது அரிது. பின்னாளில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக விளங்கிய மாதவ மீகஸ்கும்புர, ரொஹான் பெத்தியகொட முதலியோர் 2002இல் ‘சயன்ஸ்’ இதழில், இலங்கையில் நூற்றுக்கு மேற்பட்ட தவளையினங்கள் உண்டென்று அறிவித்தபோது, உருவத்தோடும் குரலோடும் மைட்டோகாண்ட்ரியாவின் 12எஸ், 16எஸ் மரபணுக்களும் சாட்சியாக நின்றன.

அந்தச் சாட்சியத்தைச் செம்மைப்படுத்தும் கலையே அலைன்மென்ட். பல ஏடுகளை அருகருகே வைத்துப் பாடபேதம் பார்க்கும் சுவடிப் பரிசோதகரைப் போல, ஒவ்வொரு தவளையின் மரபணு எழுத்துச் சரத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்தி, பொது மூதாதையிடமிருந்து வந்த இடங்கள் ஒரே நேர்கோட்டில் விழும்படி, வேண்டிய இடத்தில் இடைவெளி விட்டு அமைக்க வேண்டும். சரத்தை வாசித்த வரைபடத்தில் சில இடங்களில், ஏ என்பதற்குரிய பச்சைச் சிகரமும் ஜி என்பதற்குரிய கருஞ்சிகரமும் ஒரே உயரத்தில் ஒன்றன்மேல் ஒன்று நிற்கும். நேர்மையுள்ள வாசகர் அங்கே இரண்டில் ஒன்றைத் துணிந்து எழுதாமல், ‘ஏ அல்லது ஜி’ எனப் பொருள்படும் ஆர் என்ற எழுத்தைக் குறிப்பார். சர்வதேச உயிரிரசாயன ஒன்றியம் 1984இல் வகுத்த இத்தகைய ஐய எழுத்துகள் பதினொன்று. அவற்றுள் என் என்பது முழு அறியாமையின் அடையாளம்.

இவ்வெழுத்துகளை அலைன்மென்ட் மென்பொருள் எவ்வாறு உபசரிக்கிறது என்பதிலேதான் அதன் தராதரம் புலப்படுகிறது. 1994இல் வந்த கிளஸ்டல் டபிள்யூவின் வழக்கமான மதிப்பெண் அட்டவணையில் பொருத்தத்துக்கு 1.9, பொருந்தாமைக்கு 0; என் என்ற எழுத்தோ எதனோடும் பொருந்தியதாகவே கொள்ளப்படும். ஆகவே மங்கலாக வாசிக்கப்பட்ட சரம், தன் மங்கலாலேயே உறவு கொண்டாடி விடுகிறது. எம்பாஸ் தொகுப்பின் ‘நீடில்’ கையாளும் இடிஎன்ஏஃபுல் அட்டவணையை நான் பெரிதும் மதிப்பது இதனாலேயே. ஏயும் ஏயும் சந்தித்தால் 5, ஏயும் சியும் சந்தித்தால் −4. ஏயும் ஆரும் சந்தித்தால், பாதி வாய்ப்பு 5, பாதி வாய்ப்பு −4 என்று சராசரி கண்டு, அரையை முழுதாக்கி 1 தருகிறது. என் எதிர்ப்பட்டால் −2. ஆரும் ஆரும் சந்தித்தால்கூட −1தான்! ஒரே ஐயம் இருவருக்கு வந்ததனால் அது நிச்சயமாகி விடாது என்ற விவேகம் அந்தச் சிறு எண்ணில் எவ்வளவு அழகாக அமைந்திருக்கிறது!

ஆயினும் ‘நீடில்’ இரண்டு சரங்களை மட்டுமே ஒப்பிடும். நூறு தவளைகளுக்குக் கிளஸ்டலையோ, ஜப்பானியரான கசுதாக்கா கதோ 2002இல் அளித்த மாஃப்டையோ நாடத்தான் வேண்டும். எதை நாடினாலும் ஓரெழுத்து மட்டும் மாறுபடும் சிறு சரங்களைக் கொடுத்து, ஏயை ஆரோடும் என்னோடும் சியோடும் தனித்தனியே மோதவிட்டுப் பார்ப்பது நலம். மூன்றுக்கும் ஒரே விடை தருவது ரசிகனுக்கு உகந்ததன்று.

ஐயத்தின் பிறப்பிடத்தையும் அறிய வேண்டும். தாய்வழி மட்டுமே வரும் 16எஸ்ஸில் இரட்டைச் சிகரம் தோன்றினால் கலப்படத்தைச் சந்தேகித்து மறுபடி வாசிப்பது முறை. உட்கருவைச் சேர்ந்த ராக்-1 மரபணுவில் அதே ஆர், தந்தை தந்த எழுத்தும் தாய் தந்த எழுத்தும் ஒருங்கே நிற்கும் உண்மையாக இருக்கக்கூடும், அதை அழிப்பது பாவம். சரத்தின் இரு நுனிகளிலும் திரளும் என்களை மட்டும், கிளஸ்டலிடம் கொடுக்குமுன் தயங்காமல் நறுக்கிவிடலாம்.