எட்மண்டின் பங்கு

போன மாதம் என் ஏழு வயது மகளுக்கு இரவுகளில் சி.எஸ். லூயிஸின் 'த லயன், த விட்ச் அண்ட் த வார்ட்ரோப்' வாசித்துக்கொண்டிருந்தேன். ஆங்கிலத்தில் ஒரு பத்தி, தமிழில் விளக்கம், நடுவில் அவளுடைய கேள்விகள் என்று மெதுவாகத்தான் போகும். எட்மண்ட் வெள்ளைச் சூனியக்காரியிடம் டர்கிஷ் டிலைட் வாங்கித் தின்கிற இடம் வந்தது. "அப்பா, டர்கிஷ் டிலைட்னா என்ன?" என்றாள். அல்வா மாதிரி, ஆனா துண்டு துண்டா, மேல சர்க்கரைப் பொடி தூவியிருக்கும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "அல்வாவுக்காகவா கூடப்பொறந்தவங்களக் காட்டிக்கொடுத்தான்? நல்லாவே இல்லப்பா." தமிழில் அல்வா கொடுப்பது என்றால் என்னவென்று அவளுக்கு இன்னும் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் சிரித்திருப்பாள்.

பொறியியல் கல்லூரி விடுதியில் இந்த நாவலை முதல்முறை படித்தபோது எனக்கும் இதே புகார் இருந்தது. துரோகத்துக்கு ஒரு கனம் வேண்டாமா? பொன்னுக்கோ பதவிக்கோ விலைபோனான் என்றால் புரியும். மிட்டாய்க்கா? எட்மண்ட் எனக்கு வெறும் அற்பப் பையனாகத்தான் தெரிந்தான்.

இதற்கு இன்று வழக்கமாகச் சொல்லப்படும் பதில் ஒன்று உண்டு. அது போர்க்காலம், சர்க்கரைக்குப் பங்கீடு, அந்தப் பையன் எத்தனை நாள் இனிப்பைப் பார்க்காமல் இருந்தானோ என்பது. இந்தப் பதிலில் உண்மை இருக்கிறது. ஆனால் பாதி உண்மைதான் என்று இந்த மறுவாசிப்பில் எனக்குத் தோன்றியது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 1939 செப்டம்பரின் முதல் சில நாட்களிலேயே, பிரிட்டனின் நகரங்களிலிருந்து சுமார் 15 லட்சம் பேர், பெரும்பாலும் குழந்தைகள், குண்டுவீச்சுக்குப் பயந்து கிராமப்புறங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகில் இருந்த லூயிஸின் வீட்டிலும் அப்படிச் சிலர் வந்து தங்கினார்கள். நாவலின் நான்கு பிள்ளைகளும் இப்படி லண்டனிலிருந்து அனுப்பப்பட்டவர்கள்தான். 1940 ஜனவரியில் வெண்ணெய், சர்க்கரை, பன்றி இறைச்சிக்குப் பங்கீடு வந்தது. மிட்டாய்க்கும் சாக்லேட்டுக்கும் வந்தது 1942 ஜூலை 26 அன்று. போரின் பெரும்பகுதியில் ஒருவருக்கு நான்கு வாரத்துக்கு 12 அவுன்ஸ். அதாவது வாரத்துக்கு 3 அவுன்ஸ், நம் கணக்கில் 85 கிராம். குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவு. கூப்பனை எந்தக் கடையிலும் கொடுக்கலாம். முதல் நாளே முழுவதையும் வாங்கித் தின்பதா, மாதம் முழுக்க இழுப்பதா என்பது அவரவர் பாடு.

சூனியக்காரி கொடுக்கும் பெட்டியில் பல பவுண்டு இனிப்பு இருந்தது என்கிறார் லூயிஸ். மூன்று பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 48 அவுன்ஸ். ஒரு பையனுடைய பதினாறு வாரப் பங்கை ஒரே அமர்வில் தின்கிறான்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எட்மண்ட் பனிக்குள் நடந்தபோது, கதையின் காலப்படி, மிட்டாய்க்குப் பங்கீடு வந்திருக்கவே வாய்ப்பில்லை. அது போரின் ஆரம்பம். ஆனால் புத்தகம் வெளிவந்தது 1950இல். போர் முடிந்து ஐந்து வருடம் ஆகியும் அப்போது மிட்டாய் கூப்பனுக்குத்தான். 1949 ஏப்ரலில் ஒருமுறை கட்டுப்பாட்டை எடுத்துப் பார்த்தார்கள். மக்கள் வாங்கிய வேகத்துக்குச் சரக்கு ஈடுகொடுக்கவில்லை. ஆகஸ்டில் திரும்பவும் கூப்பன். நிரந்தரமாக நீங்கியது 1953 பிப்ரவரி 5 அன்று. ஆக, பசித்திருந்தது கதைக்குள் இருந்த பையனைவிட, அந்தக் கதையைப் படித்த பையன்தான். பத்து வயதில் இதைப் படித்த ஒரு பிரிட்டிஷ் குழந்தைக்கு, ஆசைப்பட்ட நாளில் கடைக்குப் போய் வேண்டிய அளவு மிட்டாய் வாங்கிய நினைவே பெரிதாக இருந்திருக்காது. "மிட்டாய்க்கா?" என்று அந்த வாசகன் கேட்டிருக்க மாட்டான். தானும் தின்றிருப்போமோ என்றுதான் பயந்திருப்பான்.

பங்கீட்டை வைத்து எட்மண்டுக்காக வாதாடுகிறவர்கள் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். இல்லாமை அவனைக் கெடுத்தது, அவ்வளவுதான் என்று. பிரதி அப்படிச் சொல்லவில்லை. அதில் மூன்று சாப்பாட்டுக் காட்சிகள் இருக்கின்றன. அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, சூனியக்காரியின் பனிச்சறுக்கு வண்டி. எட்மண்ட் தனியாகத் தின்கிறான். அவன் வாயில் இனிப்பு இருக்கும்போதே அவள் அவனுடைய அண்ணன், அக்கா, தங்கையைப் பற்றி விசாரிக்கிறாள். பெட்டி காலியானதும் இன்னும் வேண்டும் என்று தவிக்கிறான். அவள் தரமாட்டாள். மற்ற மூவரையும் கூட்டிக்கொண்டு வா, என் வீட்டில் தருகிறேன் என்கிறாள். கவனித்தால், நாவலில் இனிப்புக்குப் பங்கீடு போடுகிற ஒரே ஆள் இவள்தான். முதல் தவணை இலவசம், அடுத்ததற்கு ஆள் பிடித்து வரவேண்டும். இன்று எங்கள் துறையில் செயலிகளை இப்படித்தான் வடிவமைக்கிறார்கள், அந்தக் கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டாவது, பீவர் தம்பதியின் வீடு. பிடித்தவுடன் பொரித்த மீன், உருளைக்கிழங்கு. மேஜையின் நடுவில் ஒரு பெரிய வெண்ணெய்க் கட்டி, வேண்டியவர் வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளலாம். வெண்ணெய் வாரத்துக்கு 2 அவுன்ஸ் என்று பல வருடங்கள் அளந்து வாழ்ந்த நாட்டில் இதை எழுதுகிறார் லூயிஸ். அதே மேஜையில் எட்மண்டும் உட்கார்ந்திருக்கிறான், சாப்பிடவும் செய்கிறான். ருசிக்கவில்லை. மனம் முழுக்க டர்கிஷ் டிலைட்.

மூன்றாவது, சூனியக்காரியின் வீடு. எட்மண்ட் வந்து நின்று இனிப்பு கேட்கிறான். இரும்புத் தட்டில் காய்ந்த ரொட்டித் துண்டும் இரும்புக் கிண்ணத்தில் தண்ணீரும் வருகின்றன.

வாயைக் கட்டச் சொல்லும் நீதிக்கதை எழுதுவதே லூயிஸின் நோக்கம் என்றால் பீவர் வீட்டில் கஞ்சி அல்லவா ஊற்றியிருக்க வேண்டும்? அவர் அளவில்லாத வெண்ணெயை வைக்கிறார். ஆக, நாவல் நிறையத் தின்பதற்கு எதிரானது இல்லை. தீயவளின் பெட்டியிலும் நிறைய, நல்லவர்களின் மேஜையிலும் நிறைய. வித்தியாசம் ஒன்றுதான்: ஒன்றில் இன்னொருவருக்குப் பங்கு இருக்கிறது, மற்றதில் இல்லை. எட்மண்ட் திரும்பி வந்து லூசியைப் பார்க்கும்போது அவன் கையில் ஒரு துண்டுகூட மிச்சமில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. மந்திரம் போட்ட தின்பண்டம், தின்னத் தின்னக் கேட்கும் என்பது வாஸ்தவம். ஆனால் தங்கைக்கு ஒன்று எடுத்து வைக்க வேண்டும் என்று முதல் துண்டின்போதுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

'ரேஷன்' என்ற சொல்லின் வேர் லத்தீனில் கணக்கு என்ற பொருளில் இருக்கிறது. அதைத் தமிழில் பங்கீடு என்று சொன்ன யாரோ ஒருவருக்கு நான் கடன்பட்டவன். கணக்கு என்றால் என் 85 கிராமோடு முடிந்துவிடும். பங்கு என்றால் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்தாக வேண்டும். சின்ன வயதில் நாங்கள் கடலைமிட்டாயைச் சட்டைத் துணியில் சுற்றிக் காக்காக் கடி கடித்துப் பங்கு போட்டோம். துண்டு சமமாக உடைந்ததே கிடையாது. பெரிய துண்டு யாருக்கு என்று சண்டை வரும். ஆனாலும் கடித்தோம்.

இந்தக் கோணத்தில் பார்த்தால் இன்னொரு பிரபலமான பையனும் வேறு மாதிரித் தெரிகிறான். ரோல்ட் டாலின் 'சார்லி அண்ட் த சாக்லேட் ஃபேக்டரி' 1964இல் வந்தது. போர்க் கதை இல்லை. ஆனால் முட்டைக்கோஸ் சூப்பும் எண்ணி வைத்த ரொட்டியுமாக அந்த வீடு பங்கீட்டுக் காலத்து வீடு போலவேதான் நடக்கிறது. சார்லிக்கு வருடத்துக்கு ஒரு சாக்லேட், பிறந்தநாளுக்கு. அதைப் பெட்டியில் வைத்துத் தினமும் ஒரு துளி கடித்து ஒரு மாதத்துக்கும் மேல் ஓட்டுகிறான். சுயக்கட்டுப்பாட்டுக்கு உதாரணமாக இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் டால் செய்திருக்கும் வேலையைப் பாருங்கள். தங்கச்சீட்டு அந்தப் பிறந்தநாள் சாக்லேட்டில் இல்லை. பசி முற்றி, பலத்தைச் சேமிக்க மெல்ல நடந்து பள்ளிக்குப் போகிற நாட்களில், பனிக்குள் கிடந்த பணம் சார்லிக்குக் கிடைக்கிறது. ஒரு சாக்லேட் வாங்கிக்கொண்டு மீதியை அம்மாவிடம் கொடுக்க நினைக்கிறான். முதலாவதை மென்றும் மெல்லாமலும் விழுங்குகிறான். பிறகு, இன்னும் ஒன்றே ஒன்று. சீட்டு அந்த இரண்டாவதில்தான் இருக்கிறது. கட்டுப்பாட்டின் திருவுருவமான பையனுக்கு வாழ்க்கை திறப்பது, அவன் கட்டுப்பாடு உடைந்த அந்த ஒரு நிமிடத்தில். பேராசைக்காரப் பிள்ளைகளை வரிசையாகத் தண்டிக்கும் ஆசிரியர் இதை மட்டும் தண்டிக்கவில்லை. ஏன் என்று நினைக்கிறீர்கள்? பிறந்தநாள் சாக்லேட்டைப் பிரித்தவுடன் சார்லி செய்த முதல் காரியம், அதைத் தாத்தா பாட்டிகளுக்கு நீட்டியது. அவர்கள் வாங்கவில்லை என்பது வேறு விஷயம். நீட்டியவனுக்கு அந்த இரண்டாவது சாக்லேட்டை டால் மன்னித்துவிடுகிறார்.

நீட்டாத பெரியவர்களும் இருந்தார்கள். நாவலாசிரியர் ஈவ்லின் வா வீட்டுக் கதை பிரசித்தம். போர் முடிந்த சமயம், அதுவரை வாழைப்பழமே தின்றிராத அவருடைய மூன்று பிள்ளைகளுக்காக மூன்று பழங்கள் வீட்டுக்கு வந்தன. அப்பா மூன்றையும் தன் தட்டில் உரித்துப் போட்டு, கிடைத்தற்கரிய க்ரீமும் பங்கீட்டுச் சர்க்கரையும் சேர்த்து, பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க முழுவதையும் தின்றார். மகன் ஆபெரன் வா 1991இல் வந்த தன் வரலாற்றில் இதை எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு நம்பிக்கை, ஒழுக்கம் பற்றி அப்பா சொன்ன எதையும் தான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்கிறார். 3 வாழைப்பழம், ஏறக்குறைய அரை நூற்றாண்டு. "மிட்டாய்க்கா?" என்று கேட்ட என் விடுதி அறைக்கு இந்தக் கணக்கை அனுப்பி வைக்கலாம்.

இதுவரை சொன்னவற்றில் யாரும் சாகவில்லை. ஜப்பானில் செத்தார்கள். இஸாவோ தகாஹதாவின் 'க்ரேவ் ஆஃப் த ஃபயர்ஃப்ளைஸ்' (1988) படத்தில் கோபே நகரின் குண்டுவீச்சில் தாயை இழந்த செய்தாவும் தங்கை செட்சுகோவும் உறவுக்காரப் பெண்மணி வீட்டில் ஒண்டுகிறார்கள். அங்கே கணக்கு ஆரம்பிக்கிறது. வேலைக்குப் போகிறவர்களுக்குச் சோறு, இவர்களுக்குக் கஞ்சி. செட்சுகோவுக்கு இருக்கும் ஒரே ஆடம்பரம் ஒரு டப்பா பழமிட்டாய். அது தீர்ந்ததும் அண்ணன் டப்பாவில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொடுக்கிறான், ஒட்டியிருந்த இனிப்பையாவது குடிக்கட்டும் என்று. கடைசியில் அதே டப்பாவில் அவளுடைய அஸ்தி. அளந்து தின்பதற்கு ஒன்றுமே இல்லாத இடத்தில் சுயக்கட்டுப்பாடு என்ற சொல்லுக்கு அர்த்தமில்லை என்பதை அந்த டப்பா காட்டிவிடுகிறது.

படத்தின் மூலக்கதையை 1967இல் எழுதியவர் அகியுகி நோசாகா. 1945இல் அவருக்குப் பதினான்கு வயது. அவருடைய குட்டித் தங்கை உண்மையிலேயே பட்டினியில் இறந்தாள். கதையின் செய்தா தன் வாய்க்குப் போவதைத் தங்கைக்குக் கொடுக்கிறவன். நோசாகா பின்னாட்களில் ஒப்புக்கொண்டது வேறு: தங்கைக்குக் கொடுக்க வேண்டியதைத் தானே தின்றிருக்கிறார். தான் இருந்திருக்க வேண்டிய அண்ணனை எழுதிவிட்டு, அந்த அண்ணனையும் கதையில் சாகடித்தார். எட்மண்டுக்கு உயிரைக் கொடுத்து மீட்க ஒரு சிங்கம் வந்தது. நோசாகாவுக்கு யாரும் வரவில்லை.

இங்கே வந்து நின்ற பிறகு எட்மண்டை அற்பன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் தாத்தா கடைசியாகப் படுக்கையில் இருந்தபோது அவருக்காக வாங்கி வைத்த ஹார்லிக்ஸை, மத்தியானம் எல்லோரும் தூங்கும் நேரத்தில், கரண்டி கரண்டியாக வெறும் வாயில் போட்டுத் தின்றவன் நான். எங்களுக்கு எந்தப் போரும் இல்லை. வீட்டில் சோற்றுக்கும் குறைவில்லை. பாட்டில் வேகமாகக் குறைவதைப் பார்த்து அம்மா சந்தேகப்பட்டபோது தாத்தாதான், "நான்தாம்மா, ராத்திரி எந்திரிச்சு ரெண்டு வாட்டி கலக்கிக்கிறேன்" என்றார். எழுந்து உட்காரவே அவருக்கு ஆள் வேண்டும்.

மகளிடம் எப்படிச் சொல்வதென்று ஒருநாள் முழுக்க யோசித்தேன். பங்கீட்டுப் புள்ளிவிவரம் அவளுக்கு வேண்டாம். மறுநாள் இரவு புத்தகத்தைத் திறக்கும் முன், "எட்மண்ட் அல்வா தின்னதுல தப்பில்லம்மா, லூசிக்கு ஒண்ணு எடுத்து வச்சிருக்கலாம்" என்றேன்.

"லூசிக்குத் தெரியுமா அவன் தின்னது?"

"இப்போ தெரியாது. அப்புறம் தெரியும்."

"திட்டுவாளா?"

திட்டமாட்டாள் என்றேன். பக்கத்தைப் புரட்டச் சொன்னாள்.