அம்பாசிடருக்கு ஃப்ளோர் கியர்: முட்டுக்காடு சாலையில் ஓட்டிப் பார்த்தோம்

அம்பாசிடர் உற்பத்தி உத்தர்பாராவில் நின்றது 2014 மே மாதம். ஆனாலும் ஸ்டீயரிங் கியர் வண்டி வைத்திருப்பவர்கள் மெக்கானிக்கிடம் கேட்கும் கேள்வி மட்டும் மாறவில்லை: “ராடைக் கீழே கொண்டு வந்துடலாமா?” கோவளத்தில் இருக்கும் நண்பர் ஒருவர் தன் மார்க் 4 பெட்ரோல் வண்டியில் அந்த வேலையைச் செய்து முடித்திருக்கிறார். அந்த வண்டியைக் கேட்டு வாங்கி, கானத்தூரிலிருந்து முட்டுக்காடு பாலம் தாண்டி மாமல்லபுரம் வரை ஓட்டினேன். வேண்டுமென்றே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிளம்பினேன். போட் ஹவுஸுக்குத் திரும்பும் வண்டிகளும், தட்சிணசித்ராவிலிருந்து வெளியே வரும் வண்டிகளும், யூ டர்ன் அடிக்கும் வேன்களும் சேர்ந்து நெருக்கும் அந்தக் கொஞ்ச தூரத்தில் முதல் கியர், இரண்டாவது கியர், நியூட்ரல், மறுபடி முதல் கியர் என்று கை ஓயாது. கியரைச் சோதிக்க இந்தப் பக்கத்தில் அதைவிடக் கடுமையான இடம் எனக்குத் தெரியாது.

கியர் ராடு ஸ்டீயரிங் தண்டுக்கு ஏறியதே ஆள் உட்காரத்தான். 1930களின் கடைசியில் அமெரிக்கக் கார்கள் தரையில் நின்ற ராடை மேலே தூக்கின. முன்சீட்டில் மூன்று பேருக்குக் கால் வைக்க இடம் கிடைத்தது. அங்கே பிக்கப் வண்டிகளில் இந்த ஏற்பாடு வெகுகாலம் நீடித்தது. ஷெவர்லே பிக்கப்பில் 1987 வரை மூன்று கியர் ஸ்டீயரிங் ராடு வந்தது. அதைக் கீழே இறக்குவதற்கென்றே தனி கிட் விற்கிறார்கள். நம் ஊர் மஹிந்திரா ஜீப்புக்கும் அதன் பிக்கப்புக்கும் இந்தக் கதை பொருந்தாது, அவற்றுக்கு ராடு தரையில்தான். நமக்கு ஸ்டீயரிங் கியர் என்றால் அம்பாசிடரும் பத்மினியும். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் வாரிசான அம்பாசிடரில் அது பல தலைமுறை தொடர்ந்தது. 1990களின் தொடக்கத்தில் 1,817 சிசி இசுசு என்ஜினும் ஐந்து கியர் பெட்டியும் வந்தபோதுதான் கம்பெனியே ராடைத் தரைக்குக் கொண்டுவந்தது.

அம்பாசிடர் ஓட்டிய எந்த டிரைவரைக் கேட்டாலும் ஒரு காட்சியைச் சொல்வார். சிக்னலில் வண்டி நிற்கிறது, கியர் சிக்கிக்கொள்கிறது, ராடு மேலும் போகவில்லை கீழும் வரவில்லை. இறங்கி, போனட்டைத் தூக்கி, லிங்க்கைக் கையால் தள்ளி நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, மறுபடி ஏறி உட்கார வேண்டும். காரணம் எளிது. ஸ்டீயரிங் ராடு இரண்டு வேலை செய்கிறது: ஓர் அசைவில் எந்த வரிசைக் கியர் என்று தேர்ந்தெடுக்கிறது, இன்னோர் அசைவில் அந்தக் கியரைப் போடுகிறது. இந்த இரண்டும் தண்டு வழியாக இறங்கி, லிங்க், புஷ், முட்டு என்று பல இணைப்புகளைக் கடந்துதான் பெட்டிக்குப் போய்ச் சேருகின்றன. ஒவ்வொரு புஷ்ஷிலும் நூல் அளவு தேய்மானம் போதும். எல்லாம் சேர்ந்து, தேர்ந்தெடுக்கும் அசைவு பாதியிலேயே தீர்ந்துவிடும். பெட்டிக்குள் கியரைத் தள்ளும் விரல் போன்ற துண்டு இரண்டு வரிசைக்கும் நடுவில் நின்றுகொள்ளும். கடலோர வண்டிகளில் இது சீக்கிரமே வரும். உப்புக் காற்றில் முட்டுகள் துருப்பிடிக்க, கிரீஸ் வைக்க மறந்த வண்டியில் ராடு கல்லாக இறுகிவிடுகிறது.

மாற்றுவதற்கு இரண்டு வழி உண்டு. பழைய நான்கு கியர் பெட்டியையே வைத்துக்கொண்டு, தரையில் ஒரு ராடு நட்டு, புது லிங்க் செய்து இணைப்பது ஒன்று. லேத் பட்டறையில் முடிந்துவிடும், செலவும் குறைவு. ஆனால் நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். அந்தப் பெட்டியில் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. வண்டி முழுசாக நிற்காமல் முதல் கியரைப் போட்டால் பல் அரைக்கும் சத்தம் கேட்கும், ராடு எங்கே இருந்தாலும் சரி. இன்னொரு வழி பெட்டியையே மாற்றுவது. நண்பர் செய்தது இதுதான்: இசுசு என்ஜின் அம்பாசிடரிலிருந்து கழற்றிய ஐந்து கியர் பெட்டி.

கேட்க லேசாக இருக்கும், வேலை பெரிது. 1,489 சிசி என்ஜினுக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவே அடாப்டர் பிளேட் கடைய வேண்டும். கிராங்க் முனையில் பெட்டியின் ஷாஃப்டைத் தாங்கும் புஷ் புதிதாகச் செய்ய வேண்டும். கிளட்ச் பிளேட்டின் பல் ஷாஃப்டோடு பொருந்த வேண்டும். ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டை அளவுக்கு வெட்டி, வெல்டு வைத்து, பேலன்ஸ் பார்க்க வேண்டும். பேலன்ஸை விட்டால் வேகம் கூடும்போது தரை அதிரும். பெட்டி உட்காரும் குறுக்குச் சட்டம், ஸ்பீடோமீட்டர் கேபிள் என்று பட்டியல் நீளும். இந்த வண்டியில் ஸ்பீடோமீட்டர் இன்னும் சரியாகக் காட்டவில்லை. பெட்டி மாறினால் அதன் பல் கணக்கும் மாறும், அதைச் சரிசெய்யாமல் விட்டிருக்கிறார்கள்.

ஓட்டத்தில் என்ன தெரிந்தது? முட்டுக்காடு நெரிசலில் வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும்போதே முதல் கியர் சத்தமில்லாமல் விழுந்தது. பழைய அம்பாசிடரில் இது நடக்காது. இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது ராடு எங்கே நிற்கிறது என்று உள்ளங்கைக்கே தெரிகிறது, தேட வேண்டியதில்லை. ரிவர்ஸ் முதல் தடவையிலேயே விழுகிறது. கோவளம் திருப்பம் தாண்டிச் சாலை விரிந்ததும் ஐந்தாவதைப் போட்டேன். என்ஜின் சத்தம் சட்டென்று தணிந்தது. திருவிடந்தை வரை பக்கத்தில் இருந்தவரோடு குரல் உயர்த்தாமல் பேசிக்கொண்டே போனோம். பழைய என்ஜினுக்கு இழுவை குறைவு என்பதால் எதிர்க்காற்று அடித்தாலோ லேசான ஏற்றம் வந்தாலோ நான்காவதுக்கு இறங்கித்தான் ஆக வேண்டும். அது குறையாகப் படவில்லை.

இழப்பு முன்சீட்டில் இருக்கிறது. “முன்னாடி நாங்க மூணு பேர் உக்காருவோம்ணே, இப்ப நடுவுல உக்கார்றவங்க காலை எங்க வைக்கிறதுன்னு தெரியல” என்றான் நண்பரின் மகன். உண்மைதான். ராடைக் கொஞ்சம் வளைத்துப் போட்டும், இரண்டாவதும் நான்காவதும் போடும்போது அது சீட்டின் விளிம்புவரை வருகிறது. பாட்டியை முன்னால் உட்காரவைத்து, குழந்தையை நடுவில் வைத்து மாமல்லபுரம் போகிற குடும்பத்துக்கு இது சின்ன விஷயமே இல்லை.

தரையில் ஓட்டை போட்ட இடத்தையும் குனிந்து பார்த்தேன். அம்பாசிடருக்குத் தனி சேஸிஸ் கிடையாது, உடம்பே சட்டம். அதனால் தேவைக்கு மேல் ஒரு அங்குலம்கூட வெட்டக் கூடாது. வெட்டிய விளிம்பில் பட்டை வைத்துப் பலப்படுத்த வேண்டும். இங்கே பட்டை வைத்திருக்கிறார்கள், நல்ல வேலை. ஆனால் ராடின் ரப்பர் உறைக்கு அடியில் பெயின்ட் விட்ட இடத்தில் அதற்குள் பழுப்பு படர்ந்திருந்தது. கழிமுகத்துப் பக்கம் நிற்கும் வண்டிக்கு ரெட் ஆக்சைடும் அடிக்கோட்டிங்கும் கட்டாயம்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாகச் செய்யக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. பெட்டியோடு என்ஜினையும் மாற்றினால் ஆர்.சி.யில் உள்ள என்ஜின் நம்பரே மாறிவிடும், முன் அனுமதி இல்லாமல் தொடவே கூடாது. பெட்டி மட்டும் என்றாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிக் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

என் தீர்ப்பு: தினமும் நெரிசலில் ஓடும் வண்டி, பழைய பெட்டியும் தேய்ந்து போயிருக்கிறது என்றால் ஐந்து கியர் பெட்டியோடு மாற்றுங்கள், கொடுத்த காசுக்குப் பலன் உண்டு. ராடை மட்டும் கீழே இறக்குவது வீண். பெட்டி நன்றாக இருந்து கியர் மட்டும் சிக்குகிறது என்றால் முதலில் லிங்க் புஷ் எல்லாவற்றையும் மாற்றி, முட்டுகளைக் கழுவி, கிரீஸ் வைத்து ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு அதுவே போதும். மார்க் 1, மார்க் 2 வண்டி அசல் நிலையில் வைத்திருப்பவர்கள் தரையில் கத்தி வைக்காதீர்கள். மாற்றியவர்கள், கழற்றிய ஸ்டீயரிங் ராடையும் லிங்க்கையும் பழைய இரும்புக்கடைக்குப் போட்டுவிடாமல் எண்ணெய் தடவிப் பத்திரப்படுத்துங்கள். கம்பெனி அவற்றை இனிச் செய்யப்போவதில்லை.