எண்பதுகளின் இசைத்தட்டு

1980களின் இளையராஜா எல்பி தட்டுகளைச் சேகரிப்பதை வெறும் பழமை மோகம் என்று ஒதுக்குவது சரியல்ல. நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் தட்டின் வெளிவிளிம்பில், ஊசிக்கடியில் நொடிக்கு ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் வரிப்பள்ளம் ஓடுகிறது. கேசட்டில் நாடா ஓடுவதோ 5 சென்டிமீட்டருக்கும் குறைவு. 1986இல் தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்குக்கும் காணிக்கையாக வந்த ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பின் வயலின் இழைகள் பிரிந்து கேட்க இந்தத் தாராளம் வேண்டும். உள்வரிகளில் ஒலி சற்று மங்கும் என்பது உண்மைதான். அதற்காக முழுத்தட்டையும் தள்ளிவிட முடியாது.

பழவேற்காட்டு ஏரிக்கரைக் கோட்டைக்குப்பம் போன்ற ஊர்களின் உப்புக்காற்றுக்குத் தட்டு தாங்குமா என்று கேட்கலாம். தட்டு பிவிசி; உப்பு அதை அரிக்காது. துருப்பிடிப்பவை கருவியின் இரும்புப் பாகங்கள், பூசணம் பிடிப்பது அட்டை உறை. கடலோரத்தில் தட்டு வைத்திருப்பவர்களே, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், காற்றோட்டமான அலமாரியில் நிமிர்த்தி வையுங்கள்.