கரைவெட்டியின் வரித்தலை வாத்து
வடதுருவக் கடலில் சிறு கப்பலேறிக் காட்டுயிர் காணச் செல்வோர் பெரும்பொருள் செலவிட்டு அடையும் காட்சிக்கு ஒப்பான ஒன்று, அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரிக்கரையில் நடந்துசென்றாலே வாய்க்கிறது. புள்ளம்பாடி வாய்க்கால் கொணரும் காவிரி நீரைப் பெறும், ஏறத்தாழ 454 ஹெக்டேர் பரப்புள்ள இவ்வேரி, 2024-இல் ராம்சர் தலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. நடு ஆசிய மேட்டுநிலங்களில் குஞ்சு பொரித்து, இமயத்தைக் கடந்து, குளிர்காலத்தில் இங்கு வந்திறங்கும் வரித்தலை வாத்தின் (வாத்து என்னும் பெயர் அதன் மிடுக்குக்குச் சற்றுக் குறைவுதான்) வெண்தலையின் பின்புறத்தில், மை தோய்த்த தூரிகையை இருமுறை இழுத்தாற்போல் இரு கரும்பட்டைகள் தெரியும். அதன் குருதியிலுள்ள ஹீமோகுளோபின், அதாவது உயிர்வளியைச் சுமக்கும் புரதம், காற்று மெலிந்த உயரத்திலும் உயிர்வளியை இறுகப் பற்றவல்லது. அவ்வாறு மலைத்தொடரைக் கடந்த பறவை, இங்கே நாமக்கோழிகளுக்கிடையே அலையில் ஆடியபடி இறகு கோதிக்கொண்டிருக்கும்.