‘பெல் எபோக்’ திரைப்படத்தின் நான்கு சகோதரியர்: ஒரு தலைமுறை ஸ்பானிய நடிகையரின் தொழில்வாழ்வு – ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச்சுருக்கம்

1992இல் வெளிவந்த ‘பெல் எபோக்’ என்னும் ஸ்பானியத் திரைப்படத்தில் நான்கு சகோதரியராக நடித்த பெனெலோப்பே க்ரூஸ், மரிபெல் வெர்து, அரியாத்னா ஹில், மிரியம் தியாஸ்-அரோக்கா ஆகியோரின் தொழில்வாழ்வை இக்கட்டுரை ஒப்பிட்டு ஆராய்கிறது. ஒரே படத்திலிருந்து புறப்பட்ட இந்நால்வரையும் ‘உலக நட்சத்திரம்’, ‘தாயக நடிகை’ என இருவகைப்படுத்தும் போக்கு திரைத்துறை எழுத்துகளில் பரவலாக உள்ளது. இப்பகுப்பு இவர்களது நடிப்பின் உச்சங்களை விளக்கப் போதுமானதன்று என்பதும், பாத்திரத்தின் பேச்சுமொழியும் உள்வரலாறுமே பொருத்தமான அளவுகோல்கள் என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள். ஸ்பானிய வரலாற்று நினைவைப் பேசும் படங்கள் இத்தலைமுறையின் பொதுக்களமாக அமைந்தமையும் இங்கு நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஸ்பானியத் திரைப்படம், நடிகையர், தலைமுறை, தொழில்வாழ்வு, பேச்சுமொழி, வரலாற்று நினைவு.

முன்னுரை

ஒரு நடிகையின் தொழில்வாழ்வை மதிப்பிடுவோர் பெரும்பாலும் அவர் பெற்ற விருதுகளையும் கடந்த எல்லைகளையும் கணக்கிடுகின்றனர். ஆங்கிலம் பேசாத நாடுகளின் நடிகையரைப் பொறுத்தவரை, ஹாலிவுட்டை அடைந்தாரா இல்லையா என்பதே முதல் வினாவாகிவிடுகிறது. இவ்வினாவுக்குக் கிடைக்கும் விடை அவரது நடிப்பைப் பற்றி எதனையும் கூறுவதில்லை. ஒரே காலத்தில், ஒரே தொழிற்சூழலில் தொடங்கிய பலரை ஒப்பிட்டு நோக்கினால் இக்குறைபாடு தெளிவாகும். அதற்கு ஏற்ற சான்றாக ‘பெல் எபோக்’ விளங்குகிறது.

இப்படத்தின் நான்கு நடிகையரில் ஹில் 1969இலும் வெர்து 1970இலும் க்ரூஸ் 1974இலும் பிறந்தவர்கள். தியாஸ்-அரோக்கா இவர்களுக்குச் சில ஆண்டுகள் மூத்தவர். சர்வாதிகாரி ஃபிராங்கோ 1975இல் இறந்தார். திரைப்படத் தணிக்கை 1977இல் நீக்கப்பட்டது. எனவே இந்நால்வரும் தணிக்கையின் அழுத்தம் இன்றித் தொழிலைத் தொடங்கிய முதல் தலைமுறையினர் எனலாம். முந்தைய தலைமுறை நடிகையர் பலரும் அடக்குமுறைக் காலத்தில் நடிக்கத் தொடங்கி விடுதலைக் காலத்துக்குள் நுழைந்தவர்கள். இத்தலைமுறைக்கோ சர்வாதிகாரம் நேரடித் தொழில் அனுபவம் ஆகவில்லை. நடித்துக்காட்ட வேண்டிய வரலாறாகவே அது இவர்கள் முன் வந்தது.

படமும் நான்கு பாத்திரங்களும்

பெர்னாந்தோ த்ருயேபா இயக்கிய ‘பெல் எபோக்’, 1931 ஏப்ரல் 14 அன்று இரண்டாம் ஸ்பானியக் குடியரசு பிரகடனம் செய்யப்படுவதற்குச் சற்று முந்தைய காலத்தில் நிகழ்கிறது. படையிலிருந்து தப்பி ஓடிய இளைஞன் ஒருவன், முதிய ஓவியர் ஒருவரின் நாட்டுப்புற வீட்டில் அடைக்கலம் பெறுகிறான். மாத்ரிதிலிருந்து அவருடைய நான்கு மகள்கள் வருகின்றனர். நால்வரோடும் அவனுக்கு உறவு ஏற்பட்டு, இறுதியில் இளையவளை மணக்கிறான்.

கணவனை இழந்த கிளாராவாகத் தியாஸ்-அரோக்காவும், ஆணுடை அணிந்து பெண்ணையே விரும்பும் வியோலெத்தாவாக ஹில்லும், வசதியான திருமணத்தை எதிர்நோக்கும் ரோசியோவாக வெர்துவும், எல்லாவற்றிலிருந்தும் விலக்கப்படும் கடைக்குட்டி லூஸாகக் க்ரூஸும் நடித்தனர். இப்படம் கோயா விருதுகளில் ஒன்பதையும், 1994இல் சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கரையும் வென்றது.

இங்குக் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. அவ்வாண்டின் சிறந்த நடிகைக்கான கோயா விருது ஹில்லுக்கே வழங்கப்பட்டது. பிகாஸ் லூனாவின் ‘ஹாமோன் ஹாமோன்’ படத்துக்காகப் பரிந்துரைக்கப்பட்டிருந்த க்ரூஸ் அதனைப் பெறவில்லை. வெர்துவோ, விசென்தே அராந்தாவின் ‘அமாந்தெஸ்’ (காதலர்கள், 1991) வழியாக ஏற்கெனவே கவனம் பெற்றிருந்தார். எனவே 1993ஆம் ஆண்டின் நிலையிலிருந்து நோக்குவோர், பின்னாளில் உலகப்புகழ் பெறுபவர் கடைக்குட்டியே என்று ஊகிக்கச் சான்று எதுவும் இல்லை. பிற்காலப் புகழை முற்காலத்தின் மீது ஏற்றிப் பார்ப்பது தொழில்வாழ்வு ஆய்வுகளில் நேரும் முதன்மையான பிழையாகும்.

க்ரூஸ்: ஆங்கிலத்தில் கிடைத்த இடம், ஸ்பானியத்தில் கிடைத்த உயரம்

அல்மோதோவாரின் ‘கார்னே த்ரேமுலா’ (நடுங்கும் தசை, 1997), ‘தோதோ சோப்ரே மி மாத்ரே’ (என் தாயைப் பற்றிய அனைத்தும், 1999), த்ருயேபாவின் ‘லா நீன்யா தே துஸ் ஓஹோஸ்’ (உன் கண்மணி, 1998) ஆகியவற்றால் க்ரூஸ் ஸ்பெயினில் முன்னணிக்கு வந்தார். இவற்றுள் கடைசியாகக் குறிப்பிட்ட படம் அவருக்குக் கோயா விருதைப் பெற்றுத் தந்தது. அதன்பின் ஆங்கிலப் படங்களில் அவருக்குக் கிடைத்த பாத்திரங்கள் ஓர் ஒழுங்கைக் காட்டுகின்றன. ‘ஆல் த ப்ரெட்டி ஹார்சஸ்’ (2000) படத்தில் மெக்சிகோ நாட்டுப் பெண். ‘ப்ளோ’ (2001) படத்தில் கொலம்பியப் பெண். ‘கேப்டன் கொரெல்லிஸ் மாண்டலின்’ (2001) படத்தில் கிரேக்கப் பெண். எந்நாட்டவராயினும் அயலவர் என்பதே அப்பாத்திரங்களின் பொதுத்தன்மை.

ஒரே பாத்திரத்தை இரு மொழிகளில் அவர் ஏற்ற அரிய சான்றும் உண்டு. அமெனாபாரின் ‘ஆப்ரே லோஸ் ஓஹோஸ்’ (கண்களைத் திற, 1997) படத்தில் சோஃபியாவாக நடித்த அவரே, அதன் ஆங்கில மறுவாக்கமான ‘வனிலா ஸ்கை’ (2001) படத்திலும் சோஃபியாவாக நடித்தார். நடிகையும் பாத்திரமும் மாறவில்லை. ஆயினும் ஸ்பானியப் படத்தில் தன் நகரத்தில் இயல்பாக வாழும் ஒருத்தி, மறுவாக்கத்தில் நியூயார்க் நகரத்தின் நடுவே ஒலிப்பாலேயே வேறுபடுத்தப்பட்டவளாகிறாள். அவ்வாண்டின் ஆங்கிலப் படங்களுக்காக அவர் மோசமான நடிப்புக்கான ராஸி விருதுப் பட்டியலிலும் இடம்பெற்றார். சில ஆண்டுகளுக்கு முன் கோயா விருது பெற்ற ஒருவரின் திறன் இத்துணை விரைவில் மங்கியது என்பதைவிட, பாத்திரங்கள் அவருக்கு இடமளிக்கவில்லை என்பதே ஏற்புடைய விளக்கம்.

அல்மோதோவாரின் ‘வோல்வெர்’ (திரும்புதல், 2006) இதனை உறுதிப்படுத்துகிறது. லா மாஞ்சாவின் சிற்றூரில் பிறந்து மாத்ரிதில் கடும் உழைப்பால் வாழும் ரைமுந்தா என்னும் பாத்திரத்துக்குத் தாயும் மகளும் தொழிலும் மறைத்துவைத்த துயரமும் உண்டு. இப்பாத்திரமே அவருக்குச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரையைக் கொணர்ந்தது. ஸ்பானிய நடிகை ஒருவர் அப்பிரிவில் பரிந்துரைக்கப்பட்டது அதுவே முதல்முறை. துணைநடிகைக்கான ஆஸ்கரை அவர் வென்ற ‘விக்கி கிறிஸ்டினா பார்சலோனா’ (2008) அமெரிக்க இயக்குநரின் படமாயினும், அதன் கதை நிகழ்வது பார்சலோனாவில். அங்கு அயலவர் அமெரிக்கப் பெண்களே. ஆங்கிலத்தில் பேசுமாறு முன்னாள் கணவன் பலமுறை வற்புறுத்தியும் மரியா எலேனா மீண்டும் மீண்டும் ஸ்பானியத்துக்கே தாவுகிறாள். அப்பாத்திரத்தின் சினமும் நகையும் அந்தத் தாவலிலேயே பிறக்கின்றன.

த்ருயேபாவின் ‘லா ரெய்னா தே எஸ்பான்யா’ (ஸ்பெயினின் அரசி, 2016) இவ்வாழ்க்கைக்கு ஒரு புனைவுக்கண்ணாடி போல அமைகிறது. ‘லா நீன்யா தே துஸ் ஓஹோஸ்’ படத்தின் மக்காரேனா, ஹாலிவுட்டில் புகழ்பெற்றபின் 1950களின் ஸ்பெயினுக்கு நடிக்கத் திரும்புவதே இப்படத்தின் கதை.

வெர்து: அட்லாண்டிக்கின் இரு கரைகள்

வெர்துவைத் ‘தாயகத்தில் தங்கியவர்’ என்னும் வகைக்குள் அடக்குவதும் பொருந்தாது. அவரும் நாட்டைக் கடந்தார். ஆனால் மொழியைக் கடக்கவில்லை. அல்ஃபோன்சோ குவாரோனின் மெக்சிகப் படமான ‘இ து மமா தம்பியென்’ (உன் அம்மாவும்கூட, 2001) அவரை உலக அரங்குக்குக் கொண்டுசென்றது. லூயிசா கோர்தேஸ் என்னும் ஸ்பானியப் பெண்ணாக, தமக்குரிய ஒலிப்போடு அவர் அதில் நடித்தார். மெக்சிகோவைக் கைப்பற்றிய எர்னான் கோர்தேஸின் குடும்பப்பெயரை இப்பாத்திரம் தாங்குவது இரு நாட்டு வரலாற்றையும் நினைவூட்டுகிறது. லூயிசாவும் அங்கு அயலவளே. எனினும் அவள் ஏன் அப்பயணத்தை மேற்கொண்டாள் என்பதை வெளிப்படுத்தும் இறுதிப்பகுதி, முழுப்படத்தையும் அவளது வரலாறாக மாற்றி வாசிக்கச் செய்கிறது. அயலவர் என்னும் அடையாளம் மட்டுமே ஒரு பாத்திரத்தைச் சுருக்கிவிடுவதில்லை என்பது இதனால் பெறப்படும்.

கிராசியா கேரெஹேதாவின் ‘சியேதே மேசாஸ் தே பில்யார் ஃப்ரான்செஸ்’ (ஏழு பில்லியர்ட்ஸ் மேசைகள், 2007) படத்துக்காக வெர்து முதல் கோயா விருதைப் பெற்றார். பதின்வயதிலேயே நடிக்க வந்தவருக்கு அவ்விருது ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின்னரே கிட்டியது. 2009இல் ஸ்பெயினின் தேசியத் திரைப்பட விருதும் அவரை வந்தடைந்தது. ஆங்கிலத்தில் ‘த ஃப்ளாஷ்’ (2023) போன்ற பெரும்பொருட்செலவுப் படத்தில் நாயகனின் தாயாக அவர் தோன்றியது உண்மையே. ஆயினும் அவரது நடிப்பின் வரலாற்றை எழுதுவோர் அப்படத்திலிருந்து தொடங்க மாட்டார்கள்.

ஹில், தியாஸ்-அரோக்கா: கணக்கில் விடுபடுவோர்

பார்சலோனாவில் பிறந்த ஹில்லின் படவரிசையைக் கதைநிகழ் காலத்தின் அடிப்படையில் அடுக்கினால் வியப்பூட்டும் தொடர்ச்சி தென்படுகிறது. ‘பெல் எபோக்’ குடியரசின் விடியலில் நிகழ்கிறது. அராந்தாவின் ‘லிபெர்தாரியாஸ்’ (1996) உள்நாட்டுப் போர் தொடங்கிய 1936இல் நிகழ்கிறது. அதில் அவர், அராஜகவாதப் பெண்போராளிகளோடு இணையும் கன்னித்துறவி. ‘சோல்தாதோஸ் தே சலமினா’ (சலாமினாவின் வீரர்கள், 2003) போரின் இறுதியில் நடந்த ஒரு துப்பாக்கிச்சூட்டுத் தண்டனையைப் பல்லாண்டுகளுக்குப் பின் துருவி ஆராய்கிறது. அவ்வாறு ஆராய்பவர் மூலநாவலில் ஆண். படத்தில் ஹில் ஏற்ற பெண் எழுத்தாளர். ‘பான்ஸ் லாபிரிந்த்’ (2006) போருக்குப் பிந்தைய 1944இல் நிகழ்கிறது. குடியரசின் வருகையிலிருந்து அதன் தோல்வி வரையிலான பாதை முழுவதையும் ஒரே நடிகையின் முகம் கடந்துவந்துள்ளது. ‘அப்பலூசா’ (2008) என்னும் அமெரிக்கப் படத்தில் அவர் தோன்றியதை மட்டும் எல்லைகடந்த சாதனையாகக் கணக்கிடும் அளவுகோலுக்கு இத்தொடர்ச்சி புலப்படாது.

தியாஸ்-அரோக்கா தொலைக்காட்சி வழியாக அறியப்பட்டவர். ‘கஹோன் தெசாஸ்த்ரே’ என்னும் சிறுவர் நிகழ்ச்சியின் தொகுப்பாளராக விளங்கிய அவர், அல்மோதோவாரின் ‘தகோனெஸ் லெஹானோஸ்’ (உயர்ந்த குதிகால்கள், 1991) படத்தில் தொலைக்காட்சிச் செய்தியின் சைகைமொழிப் பெயர்ப்பாளராக நடித்தார். நால்வருள் திரைப்பட வரலாறுகளில் குறைவாகப் பேசப்படுபவர் இவரே. ஸ்பெயினில் தனியார் தொலைக்காட்சிகள் 1990இல் ஒளிபரப்பைத் தொடங்கியபின் நடிகையரின் பணிக்களம் பெரிதும் விரிந்தது. திரைப்படத்தை மட்டும் எண்ணும் ஆய்வு, ஒரு தலைமுறையின் உழைப்பில் பெரும்பகுதியை விட்டுவிடுகிறது என்பதற்கு இவர் சான்று.

2006: மீண்டும் ஒரு சந்திப்பு

2006ஆம் ஆண்டின் கான் திரைப்பட விழாப் போட்டிப் பிரிவு இவ்வொப்பீட்டின் மையப்புள்ளி எனலாம். ‘வோல்வெர்’, கில்யெர்மோ தெல் தோரோவின் ‘பான்ஸ் லாபிரிந்த்’ ஆகிய இரண்டும் அதில் இடம்பெற்றன. முன்னதில் க்ரூஸ்; பின்னதில் வெர்துவும் ஹில்லும். சிறந்த நடிகைக்கான விருதை ‘வோல்வெர்’ படத்தின் ஆறு நடிகையரும் கூட்டாகப் பெற்றனர். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரே வீட்டில் நின்ற நான்கு சகோதரியருள் மூவர், உலகின் முதன்மையான விழாவொன்றில் ஸ்பானிய மொழி பேசியபடி ஒரே ஆண்டில் தோன்றினர்.

‘பான்ஸ் லாபிரிந்த்’ படத்தில் ஹில் ஏற்ற கார்மென், பாசிசத் தளபதியை மறுமணம் செய்து பேறுகாலத்தில் மடிகிறாள். வெர்து ஏற்ற மெர்சேதெஸ், அதே தளபதியின் வீட்டில் பணிபுரிந்துகொண்டே மலையில் மறைந்திருக்கும் கிளர்ச்சியாளர்க்கு உதவுகிறாள். பெண் என்பதால் அவளைப் பொருட்படுத்தாத தளபதியின் அலட்சியமே அவளுக்குக் கேடயமாகிறது. 1931இன் வசந்தத்தில் சிரித்துத் திரிந்த வியோலெத்தாவும் ரோசியோவும் 1944இன் குளிரில் என்ன ஆகியிருப்பர் என்னும் வினாவை, இரு படங்களையும் அறிந்த பார்வையாளர் எழுப்பாதிருக்க இயலாது.

மாறுபட்ட சான்றுகள்

தாய்மொழி ஒன்றே உச்சத்துக்குக் காரணம் என வரையறுக்க முடியாது. க்ரூஸ் ‘நோன் தி முவோவேரே’ (நகராதே, 2004) என்னும் இத்தாலியப் படத்துக்காக அந்நாட்டின் தாவித் தி தொனாதெல்லோ விருதைப் பெற்றார். வெர்து இரண்டாம் கோயா விருதைப் பெற்ற ‘பிளாங்காநியேவெஸ்’ (2012) பேச்சே இல்லாத கறுப்பு வெள்ளைப் படம். முன்னது வேற்றுமொழி, பின்னது மொழியற்றது. ஆயினும் இரண்டிலும் பாத்திரம் கதையின் அச்சில் நிற்கிறது. அதன் விருப்பமும் இழப்பும் கதையை நகர்த்துகின்றன. ஆகவே பேச்சுமொழி துணைக்காரணி, உள்வரலாறே முதற்காரணி. அயல்மொழிப் படங்கள் பலவும் இவர்களுக்கு வழங்கத் தவறியது இரண்டாவதையே.

முடிவுரை

இந்நால்வரின் தொழில்வாழ்வை ஒப்பிட்டதன்வழி மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. ஹாலிவுட்டை மையமாகக் கொண்ட இருமைப்பகுப்பு, க்ரூஸின் உச்சங்களையே பிழையாக விளக்குகிறது. பிறரின் உச்சங்களைக் காணாமலே விடுகிறது. ஒரு நடிகையின் வளர்ச்சியை அறிய, அவர் நடித்த நாட்டைக் காட்டிலும் அவருக்குக் கிடைத்த பாத்திரத்தின் உள்வரலாற்றை வினவுதல் வேண்டும். இத்தலைமுறையின் பாதைகள் பிரிந்தபோதும் உள்நாட்டுப் போரின் நினைவு அவற்றை மீண்டும் இணைத்தது.

அல்மோதோவாரின் ‘மாத்ரெஸ் பாராலேலாஸ்’ (இணைத் தாய்மார், 2021) இறுதியாகக் கருதத்தக்கது. போர்க்காலத்தில் கொன்று புதைக்கப்பட்ட தன் கொள்ளுத்தாத்தாவின் எலும்புகளைத் தோண்டியெடுக்க முனையும் பெண்ணாகக் க்ரூஸ் அதில் நடித்து, வெனிஸ் விழாவின் சிறந்த நடிகை விருதைப் பெற்றார். குடியரசு பிறப்பதற்கு முந்தைய வீட்டில் கடைக்குட்டியாகத் தோன்றியவர், ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின் அக்குடியரசின் காலத்தில் புதையுண்டோரைத் தேடும் மூத்தவராகிறார். இவ்வளர்ச்சியை விருதுப் பட்டியல்களாலோ எல்லைகளின் எண்ணிக்கையாலோ அளந்தறிய இயலாது. பாத்திரங்களை வரிசையாக வைத்து வாசிக்கும் ஆய்வே அதனை வெளிக்கொணரும்.